14 மாதத்தில் படுத்த பேட்டரியும் மூன்று ‘ஓகே’ சீட்டுகளும்

1 ஜூன் 2024, வாசகர் ஒருவர்

“48 மாத வாரண்டி என்று சொல்லிக் கொடுத்த கார் பேட்டரி 31 மாதத்தில் போய்விட்டது. கடையில் ப்ரோ-ராட்டா என்று ஏதோ கணக்குப் போட்டு, புதுசுக்கு 5,785 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். வாரண்டி என்பதே வெறும் காகிதம். இதற்கெல்லாம் யாராவது கேஸ் போடுவார்களா?”

2 ஜூன் 2024

காகிதம்தான் சார். ஆனால் அந்தக் காகிதத்தை நாம் எடுத்துப் படிப்பதே பேட்டரி போன பிறகுதான். என் பேட்டரி 14 மாதத்தில் படுத்துவிட்டது, அந்தப் பஞ்சாயத்தில்தான் இப்போது நானும் இருக்கிறேன். அதனால் நடப்பதை நடக்க நடக்க எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கணக்கு. 48 மாதம் என்றால் பெரும்பாலான வாரண்டி கார்டுகளில் 24 + 24 என்றுதான் இருக்கும். முதல் 24 மாதத்துக்குள் போனால் இலவசமாக வேறு பேட்டரி. அடுத்த 24 மாதத்தில் போனால் புதுசின் விலையில் கொஞ்சம் தள்ளுபடி, மாதம் ஏற ஏற அந்தத் தள்ளுபடி குறையும், இதைத்தான் ப்ரோ-ராட்டா என்கிறார்கள். உங்களுடையது 31-வது மாதம், இரண்டாவது பாதி. அந்தத் தள்ளுபடியை எந்த விலையில் கழிக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். கடையில் நாம் வாங்கும் விலையில் கழிப்பதில்லை, டப்பாவில் அச்சடித்த எம்.ஆர்.பி-யில் கழிக்கிறார்கள். என் கார்டை எடுத்துப் பார்த்தேன். 31-வது மாதத்துக்கு 35 சதவீதம். எம்.ஆர்.பி 8,900 ரூபாய். 3,115 போக 5,785. நீங்கள் சொன்ன அதே தொகை! நமக்கு இரண்டு பேருக்கும் ஒரே மாடல் போலிருக்கிறது. இதே பேட்டரியை வாரண்டி எதுவும் பேசாமல் பழையதைப் போட்டு நான் வாங்கியது 6,400-க்கு. ஆக, 48 மாத வாரண்டி உங்களுக்குத் தந்தது 615 ரூபாய்.

அது ஏமாற்றா என்றால், கார்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. விற்கும்போது ‘நாலு வருஷம் வாரண்டி’ என்று வாயால் சொல்லிவிட்டு இந்த அட்டவணையைக் காட்டாமல் விட்டார்களே, அதைத்தான் தப்பு என்பேன்.

3 ஜூன் 2024

என் கதை. கரூரில் ஒரு டெக்ஸ்டைல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். 2013 மாடல் டீசல் கார், வார நாளில் வீட்டு வாசலிலேயே நிற்கும், சனி ஞாயிறுதான் ஓடும். பேட்டரி வாங்கியது 11 மார்ச் 2023. போனது 13 மே 2024, அக்னி நட்சத்திரம் நடுவில். அம்மாவைக் கண் பரிசோதனைக்குத் திருச்சி கூட்டிப் போக விடிகாலை அஞ்சரைக்குச் சாவி போட்டால் ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும். செல்ஃப் எடுக்கவில்லை. பால்காரரும் எதிர்வீட்டுப் பையனும் தள்ளிப் பார்த்தார்கள், ஆகவில்லை. வாடகை வண்டி பிடித்துப் போனோம், 2,400 ரூபாய்.

பேட்டரி வாங்கிய கடைக்குக் கொண்டு போனேன். சார்ஜ் போட்டார்கள், கையடக்க டெஸ்டரில் வைத்துப் பார்த்தார்கள், ‘ஓகே’ என்று சின்னச் சீட்டு வந்தது. அஞ்சே நாளில் திரும்பப் படுத்தது. மறுபடியும் சார்ஜ், மறுபடியும் ஓகே. மே 27-ல் மூன்றாவது தடவை. அப்போது கடைக்காரர் சொன்னது: “பேட்டரில ஒண்ணும் இல்லீங்க, வண்டில வேலை இருக்கு.”

மூன்று தடவையும் அம்மாவின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கண் பரிசோதனைக்கு டோக்கன் வாங்கியிருந்த அந்த நாளில், கிளம்பி வாசலில் நின்றபடி, “சாமி குத்தமாடா?” என்று கேட்டார்.

3 ஜூன் 2024, இரவு

சீட்டு பற்றி ஒன்று விட்டுப்போனது. அது பஸ் டிக்கெட் மாதிரி சூட்டில் அச்சாகும் தாள். முதல் சீட்டை டேஷ்போர்டு மேலேயே வைத்துவிட்டேன். ஒரு வாரத்தில் வெள்ளைத்தாள் ஆகிவிட்டது, ஒரு எழுத்து இல்லை. வாங்கிய நிமிஷமே போனில் போட்டோ எடுத்துவிடுங்கள். முடிந்தால் ஜெராக்ஸும் போட்டு வையுங்கள்.

9 ஜூன் 2024

“பச்சைக் கண்ணு எரியுதே, அப்ப பேட்டரி நல்லாத்தானே இருக்கு” என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மூடியில் இருக்கும் அந்தக் கண்ணாடிக் குமிழ் எரிவதும் இல்லை, முழுப் பேட்டரியையும் பார்ப்பதும் இல்லை. 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல். ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். அந்தக் கண் இருப்பது ஆறில் ஒரே ஒரு செல்லில். அங்கே ஆசிட் சரியாக இருந்தால் பந்து மிதந்து பச்சை தெரியும். மற்ற ஐந்தில் ஒன்று செத்துக் கிடந்தாலும் கண் பச்சைதான்.

என் பேட்டரியிலும் இன்றுவரை பச்சை.

15 ஜூன் 2024

பில். இதில் நான் கோட்டை விட்டேன், மறைக்க ஒன்றும் இல்லை. “ஜி.எஸ்.டி பில் வேணும்னா ரேட் கூடுங்க” என்றார்கள், சரி என்று எஸ்டிமேட் தாளோடு வந்துவிட்டேன். நாள் முழுக்க மற்றவர்கள் பில்லைச் சரிபார்ப்பதுதான் என் வேலை, அந்த மனுஷனே இப்படிச் செய்தால் வேறு யாரைச் சொல்வது?

ஆனால் வழி அடைபட்டுவிடவில்லை. வாரண்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் பேட்டரியின் வரிசை எண்ணும் இருக்கின்றன. பணம் போனில் கட்டியதால் வங்கிக் கணக்கில் கடை பெயரோடு 6,400 ரூபாய் பதிவாகியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் வாங்கியதற்குச் சாட்சி. அப்புறம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (20 ஜூலை 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது) பில் கொடுக்காமல் விற்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் வாங்காதது என் தப்பு மட்டும் இல்லை, கொடுக்காதது அவர்கள் தப்பும்தான்.

அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள் திருப்பித் தந்தால், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் தந்தால், வாங்க மறுப்பதும் முறையற்ற நடைமுறை. ‘விற்ற பொருள் திரும்பப் பெற மாட்டாது’ என்று எவ்வளவு பெரிசாக எழுதி மாட்டினாலும் பழுதுள்ள பொருளுக்கு அந்தப் போர்டு செல்லாது.

நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகாரை, பொருள் வாங்கிய தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

16 ஜூன் 2024

மேலே கடைசி வரி தவறு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம். பேட்டரி 40-வது மாதத்தில் போய், அப்போது வாரண்டி மறுத்தால், மறுத்த அந்த நாளிலிருந்து எண்ணலாம். ஒரு வக்கீல் சித்தப்பா திருத்தினார். அவருக்கு நன்றி.

24 ஜூன் 2024

1915-க்குப் போன் போட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசினார்கள். புகார் எண் கொடுத்தார்கள், கம்பெனிக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் கம்பெனி பதில்: “டீலர் சோதனை அறிக்கைப்படி பேட்டரி நல்ல நிலையில் உள்ளது.” அவ்வளவுதான்.

உதவி எண்ணுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. இரண்டு பக்கமும் பேச வைக்கும், ஒத்துக்கொண்டால் சரி. ஆனால் எனக்கு ஒரு லாபம் கிடைத்தது. கடைக்காரர் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது கம்பெனியே எழுத்தில் சொல்லிவிட்டது. மறுத்ததற்கு ஒரு தேதி கிடைத்துவிட்டது.

1 ஜூலை 2024

இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை.

சனிக்கிழமை வெங்கமேடு பக்கம் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் வண்டியை விட்டேன். வண்டியை அணைத்து, கதவெல்லாம் பூட்டி, கால் மணி நேரம் விட்டுவிட்டு, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி நடுவில் மல்டிமீட்டரைக் கோர்த்தார். 0.28 ஆம்பியர். வண்டி சும்மா நிற்கும்போதும் இவ்வளவு கரண்ட் ஒழுகுகிறது, 0.05-க்குள் இருக்க வேண்டுமாம். ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிக்கொண்டே வந்தார், பாட்டுப் பெட்டியின் ஃபியூஸைப் பிடுங்கியதும் முள் விழுந்தது. மூன்று வருஷம் முன்பு நான் வெளியில் மாட்டிய செட்.

கணக்குப் போட்டேன். 0.28 பெருக்கல் 24 என்றால் ஒரு நாளுக்கு 6.7 ஆம்பியர்-அவர். வார நாள் ஐந்தும் வண்டி நின்றால் 33. என் பேட்டரி 65. அதாவது சனிக்கிழமை சாவி போடும்போது பாதிப் பேட்டரி ஏற்கெனவே காலி. லெட் ஆசிட் பேட்டரியை இப்படிப் பாதிச் சார்ஜில் பட்டினி போட்டுக்கொண்டே இருந்தால் தகட்டில் சல்பேட் படிந்து ஆயுசு குறையும், அதில் சந்தேகம் இல்லை.

அப்ப தோற்றுவிட்டேனா என்று உட்கார்ந்துவிட்டேன். அண்ணன்தான், “இருங்க, பேட்டரிய வண்டில இருந்து கழட்டிப் பாப்போம்” என்றார்.

2 ஜூலை 2024

நேற்றைய மீதி. கழற்றிய பேட்டரியை ராத்திரி முழுக்க மெதுவாகச் சார்ஜ் போட்டார். என்னுடைய மாடலில் மேல் ஸ்டிக்கரை உரித்தால் ஆறு மூடி இருக்கிறது, காசு வைத்துத் திருகினால் திறக்கும். (கம்பெனி ஸ்டிக்கர் உரிந்தால் வாரண்டி போகும் என்று சில கார்டுகளில் போட்டிருக்கும், பார்த்துவிட்டுச் செய்யுங்கள். என் கார்டில் அப்படி இல்லை.) ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லிலும் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தார். கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை ஏறுவதை நானும் குனிந்து பார்த்தேன். 1.240, 1.235, அப்புறம் மூன்றாவதில் மிதவை எழும்பவே இல்லை. 1.120. மற்ற மூன்றும் திரும்ப 1.240 பக்கம்.

வண்டியில் கரண்ட் ஒழுகினால் ஆறு செல்லும் சேர்ந்துதான் இறங்கும். ஒன்று மட்டும் கிடையில் கிடக்காது. ஒன்று மட்டும் செத்தால் கோளாறு அந்தச் செல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அதைவிடப் பெரிய சாட்சி அடுத்து வந்தது. சார்ஜரைக் கழற்றி மூன்று மணி நேரம் கழித்து 12.4 வோல்ட். பேட்டரியை எதிலும் பூட்டாமல் மரப்பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனோம். மறுநாள் காலை 11.2. எந்த வண்டியிலும் இல்லாத பேட்டரி ஒரே ராத்திரியில் தானாக இறங்கியிருக்கிறது. நல்ல பேட்டரி என்றால் வாரக்கணக்கில் வைத்தாலும் அப்படி இறங்காது.

கடையில் மூன்று தடவையும் ‘ஓகே’ வந்த ரகசியம் இதுதான். சார்ஜர் எடுத்த சூட்டோடு டெஸ்ட் செய்தார்கள். யாரையும் திருடன் என்று சொல்ல வரவில்லை, கடைப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவ்வளவுதான். ஆனால் 31 மாத சார், நீங்கள் உட்பட எல்லோரும் கேட்க வேண்டியது இந்த ஒன்று: “சார்ஜ் போட்டு, ஒரு ராத்திரி சும்மா வச்சு, காலைல டெஸ்ட் பண்ணிச் சீட்டு கொடுங்க.”

பாட்டுப் பெட்டியைக் கழற்றிவிட்டேன்.

7 ஜூலை 2024

கால் டாக்ஸி ஓட்டும் தம்பி கேட்டிருந்தார்: “அண்ணா, வாடகை வண்டிக்கு நுகர்வோர் சட்டம் கிடையாதுன்னு கடையில சொல்றாங்க, நிஜமா?”

பாதிதான் நிஜம் தம்பி. வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் இல்லை என்று சட்டம் சொல்கிறது. உடனே அடுத்த வரியில், சுயதொழில் செய்து அந்த வருமானத்தில் பிழைப்பவர் தன் தொழிலுக்காக வாங்கினால் அது வணிக நோக்கம் ஆகாது என்றும் சொல்கிறது. சொந்த வண்டியை நீங்களே ஓட்டி வீட்டுச் செலவு பார்க்கிறீர்கள் என்றால் நீங்கள் நுகர்வோர்தான். இருபது வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டுபவர் கதை வேறு.

ஆனால் வாரண்டி கார்டைத் திருப்பிப் பாருங்கள். பல கார்டுகளில் வாடகை வண்டிக்குக் காலம் குறைவு. புகார் செய்ய உரிமை இருப்பது ஒன்று, வாரண்டி காலம் எவ்வளவு என்பது இன்னொன்று. இரண்டையும் கலந்து பேசித்தான் உங்களைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

20 ஜூலை 2024

கடிதம் அனுப்பினேன். வக்கீல் இல்லை, நானே தமிழில் எழுதியது, ஒன்றரைப் பக்கம். கடைக்கும் கம்பெனிக்கும் தனித்தனியாக, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில். இரண்டு பேருக்கும் ஏன் என்றால், கடைக்காரர் “கம்பெனியைக் கேளுங்க” என்பார், கம்பெனி “டீலரைக் கேளுங்க” என்பார்கள். ஒரே கடிதத்தில் இரண்டு பெயரும் இருந்தால் அந்தப் பந்தாட்டம் நிற்கும். பின்னால் ஆணையத்துக்குப் போனாலும் இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்க்கலாம்.

கோபம் எதையும் எழுதவில்லை. தேதி, தொகை, வரிசை எண், மூன்று சீட்டின் தேதி, ஆறு செல்லின் அளவு, பெஞ்சில் வைத்த ராத்திரியின் இரண்டு வோல்ட் அளவு. பாட்டுப் பெட்டி விஷயத்தையும் எழுதினேன். மறைத்தால் பின்னால் அதுவே என்னை அடிக்கும், அதோடு உண்மையைச் சொல்லிக் கேட்பதில்தான் எனக்கு நிம்மதி. 15 நாள் கெடு.

பேட்டரியை மட்டும் கொடுக்கவில்லை. “பழசை இங்க விட்டுட்டுப் போங்க, கம்பெனிக்கு அனுப்பறோம்” என்று கடையில் கேட்டார்கள். வரிசை எண் போட்டு எழுதிக் கொடுத்தால் தருகிறேன் என்றேன், அதோடு பேச்சு நின்றது. ஆணையத்துக்குப் போகும் நிலை வந்தால் பொருளைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பி அறிக்கை கேட்க அதற்கு அதிகாரம் உண்டு. பேட்டரியே ஈயக் கிடங்கில் உருகிவிட்டால் எதைச் சோதிப்பார்கள்?

11 ஆகஸ்ட் 2024

கிடைத்துவிட்டது. 6-ம் தேதி கம்பெனி சர்வீஸ் ஆள் வீட்டுக்கே வந்தார், சின்ன வயசு, மரியாதையான பிள்ளை. சார்ஜ் போட்டு ஒரு ராத்திரி கடையில் வைத்துப் பார்த்தார். அதுவரை வண்டிக்கு ஸ்டேண்ட்பை பேட்டரி போட்டுக் கொடுத்தார். காலையில் மூன்றாவது செல்லைப் பார்த்துவிட்டு, “இது முன்னாடியே தெரிஞ்சிருக்கணும் சார்” என்றார். 9-ம் தேதி புதுப் பேட்டரி.

கவனிக்க: மாற்றிக் கொடுத்த பேட்டரிக்கு வாரண்டி புதிதாக ஆரம்பிக்காது, மார்ச் 2023-லிருந்தே ஓடும். அதனால் பழைய கார்டிலேயே புது வரிசை எண்ணையும் மாற்றிய தேதியையும் எழுதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் அடுத்த தடவை போனால் “இந்த நம்பர் கார்டுல இல்லையே” என்பார்கள்.

வாடகை வண்டிக்குப் போன 2,400 ரூபாயைக் கேட்டேன், தர மாட்டோம் என்றார்கள். ஆணையத்தில் கேட்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது, குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. மூன்று நாள் யோசித்தேன். 0.28 ஆம்பியர் மனசில் உறுத்தியது. விட்டுவிட்டேன்.

18 ஆகஸ்ட் 2024

“விட்டது தப்பு, உங்களை மாதிரி ஆட்கள் விடுவதால்தான் அவர்களுக்குத் தைரியம்” என்று ஒருவர் திட்டியிருக்கிறார். இருக்கலாம். இரண்டு வருடம் இருக்கிறது, மனசு மாறினால் போடுவேன்.

22 செப்டம்பர் 2024

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பற்றிக் கேட்டவருக்கு: அது வேறு உலகம். லித்தியம் பேட்டரி செத்தால்தான் வாரண்டி என்று இல்லை, கொள்ளளவு ஒரு அளவுக்குக் கீழே போனாலே வாரண்டி. பல கார்டுகளில் அந்த அளவு 70 சதவீதம். “கிலோமீட்டர் குறைஞ்சு போச்சு” என்று சொன்னால் நிற்காது, சர்வீஸ் சென்டரில் பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கையை அச்செடுத்துக் கேளுங்கள். சீட்டு கேட்பதுதான் இங்கேயும்.

புது வண்டியோடு வந்த பேட்டரி பற்றியும் ஒரு வார்த்தை. பெட்ரோல், டீசல் வண்டியில் வண்டிக் கம்பெனியின் வாரண்டியில் பெரும்பாலும் பேட்டரி சேராது, பேட்டரி கம்பெனியே தனியாகத் தரும். அந்தக் கார்டு வண்டிப் புத்தகத்தோடு உறையில் கிடக்கும். இன்றே எடுத்துப் பாருங்கள்.

17 நவம்பர் 2024

டாக்ஸி தம்பி ஆணையத்தில் தாக்கல் செய்துவிட்டார், இ-தாக்கில் என்ற இணையத் தளம் வழியாக, போனிலேயே. அவர் கடையில் ராத்திரி வைத்துச் சோதிக்க மறுத்துவிட்டார்கள். மறுத்ததை வாட்ஸாப்பில் கேட்டு, “முடியாது” என்ற பதிலை வாங்கி வைத்திருக்கிறார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராகவே செய்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

31 மாத சாருக்குச் செல் எல்லாமே சமமாகத்தான் இறங்கியிருந்ததாம், ஆயுசு முடிந்த பேட்டரி. 5,785 கட்டி மாற்றிக்கொண்டார்.

19 ஜனவரி 2025

திருத்தம்: இ-தாக்கிலுக்குப் பதில் ஜனவரி 1 முதல் இ-ஜாக்ரிதி என்ற புதுத் தளம் வந்துவிட்டது, இனி தாக்கல் செய்பவர்கள் அங்கே போங்கள்.

தம்பி வழக்கில் கடைக்கும் கம்பெனிக்கும் நோட்டீஸ் போயிருக்கிறது. பதில் தர 30 நாள், ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15, அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே 2020-ல் சொல்லிவிட்டது. தீர்ப்புக்கு மூன்று மாதம், பரிசோதனை வேண்டுமென்றால் ஐந்து மாதம் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் நீளும். அடுத்த வாய்தா பிப்ரவரி 20. நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேட்டரி திண்ணையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறது, வரிசை எண் இருக்கும் பக்கம் மட்டும் வெளியே தெரிகிறது. அவர் பெண் குழந்தை அதன்மேல் உட்காரப் போனது. “அது கேஸு, தொடக் கூடாது” என்று தூக்கிக்கொண்டார்.